கேளுங்கள், சொல்கிறேன்: மேசைக்கு அடியில் ஒரு குழந்தை

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: “குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளில் பலர் குழந்தையை விட்டுவிட்டுக் கேள்வித்தாளைத்தான் பார்க்கிறார்கள்.” அவ்வளவுதான். ‘பையன் சாப்பிட மாட்டேங்கிறான்’, ‘மகள் செல்போனைக் கீழே வைக்க மாட்டேங்கிறாள்’ என்று வழக்கமாக வரும் கடிதங்களை ஓரம் தள்ளிவிட்டு, உளவியலில் எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. படிக்கிறவர்களின் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதி கோபம், பாதி சந்தேகம். கோபத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறேன். சாப்பிடாத பையன்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும், அதற்குள் பசித்துவிடும்.

பிஎச்.டி. மாணவர், திருநெல்வேலி: ஒரே வரியில் எங்களைக் கேவலப்படுத்திவிட்டீர்கள் மேடம். என் ஆய்வுக்கு வந்த ஆறு வயதுப் பையன் நாற்பது நிமிடம் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வாயே திறக்கவில்லை. நான் கேள்வித்தாளைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி அவனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா?

நீக்கலாம் தம்பி. விதிப்படி தப்பில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடமும் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று எழுதவே இல்லையே. நாற்காலியில்தானே?

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் 29 வருடம் உளவியலாளராக வேலை பார்த்தேன். என் அறையில் நாற்காலிகள் இருந்தன, ஆனால் வேலை நடந்ததெல்லாம் பாயில்தான். ஒருமுறை ஆறரை வயதுப் பையன் ஒருவனைப் பாட்டி கூட்டி வந்தார். வீட்டில் ஓயாமல் பேசுவானாம், பள்ளிக்கூடத்தில் ஒரு வருடமாக ஒரு சொல் இல்லை. செலக்டிவ் ம்யூட்டிசம் என்று நாம் சொல்வது. வந்தவன் நேரே மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். கெஞ்சினால் இன்னும் உள்ளே போவான் என்று தெரியும். நான் பாயில் உட்கார்ந்து, செகுவின் ஃபார்ம் போர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அது பத்துப் பள்ளங்கள் வெட்டிய ஒரு மரப்பலகை. வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம் என்று பத்து மரத்துண்டுகள். குழந்தை அவற்றை அதனதன் பள்ளத்தில் வைக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மூன்று முறை பார்ப்போம்.

நான் அவனைக் கூப்பிடவே இல்லை. நானே விளையாடுகிற மாதிரி நட்சத்திரத்தை எடுத்து சிலுவைப் பள்ளத்தில் அழுத்தினேன். போகவில்லை. திருப்பி அழுத்தினேன். “என்னடா இது” என்று முணுமுணுத்தேன். வட்டப் பள்ளத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். அந்த மூன்றாவது முயற்சியில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. நட்சத்திரத்தை என் கையிலிருந்து பிடுங்கி, அதன் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. முகம் கூடத் தெரியவில்லை. விரல்களில் மட்டும் சாக்பீஸ் தூள்.

அன்றைக்கு எனக்கு மதிப்பெண் எதுவும் கிடைக்கவில்லை, ஸ்டாப்வாட்சைத் தொடவே இல்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் ஐந்து வரி எழுத முடிந்தது: கவனிக்கிறான், வடிவம் தெரிகிறது, மற்றவர் தப்புச் செய்தால் பொறுக்க மாட்டேன் என்கிறான், உதவ வருகிறான், முகத்தைக் காட்ட மட்டும் பயம்.

இதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். டெஸ்டுக்கான பலகையை வைத்தே விளையாட்டுக் காட்டியதால், அடுத்த வாரம் அவன் எடுத்த நேரத்தை அப்படியே நம்ப முடியவில்லை, முன்பே பார்த்துவிட்டானே. பழகுவதற்கு வேறு சாமானை வைத்துக்கொள்ளுங்கள், நாலு கோலிக்குண்டு போதும். ஆய்வில் முதல் சந்திப்பை ‘டேட்டா எடுக்காத சந்திப்பு’ என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். கைடு “எதுக்கு இது?” என்பார். ‘விலக்கப்பட்டவர்கள்’ எண்ணிக்கை குறையும் என்று சொல்லுங்கள், அந்தக் கணக்கு அவருக்குப் புரியும். வாய் திறக்காத பிள்ளைகளையெல்லாம் நீக்கிவிட்டு பதற்றத்தைப் பற்றி தீசிஸ் எழுதினால், பதற்றமே இல்லாத பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள்.

எம்.ஃபில். மாணவி, கோவை: 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் மனச்சோர்வும் பதற்றமும்தான் என் தலைப்பு. அதை அளக்கும் ஆங்கில ஸ்கேலை, அதாவது கேள்வித்தாளை, நானே தமிழாக்கம் செய்து, தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிவிட்டேன். இது போதாதா?

போதாது அம்மா. தமிழாசிரியர் ஒற்றுப்பிழை பார்த்துத் தருவார். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைப் படித்ததும் என்ன நினைப்பான் என்பது அவர் பார்க்கும் வேலை இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தீசிஸ் என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. எங்கிருந்து என்பது வேண்டாம். ‘நெர்வஸ்’ என்ற சொல்லை அகராதி பார்த்து மொழிபெயர்த்திருந்தார்கள்: “எனக்கு அடிக்கடி நரம்புத் தளர்ச்சி ஏற்படுகிறது.” நம் ஊர்ப் பையன் இந்தச் சொல்லை எங்கே பார்த்திருப்பான்? பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில், லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரின் விளம்பரத்தில்! வகுப்பே சிரித்திருக்கும். அத்தனை பையன்களும் ‘இல்லவே இல்லை’யில் டிக் போட்டிருந்தார்கள். முடிவுரையில், ‘மாணவர்களைவிட மாணவிகளுக்கே பதற்றம் அதிகம்’ என்று ஒரு கண்டுபிடிப்பு, அதற்கு நாலு பக்க விளக்கம்.

இன்னொன்று என் சொந்த அனுபவம். ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்ற வரிக்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘எப்போதும்’ என்று டிக் போட்டான். பதறிப்போய் என்னவென்று கேட்டால், “ஆமா மிஸ், எங்கப்பா டெய்லி சொல்வாரு” என்கிறான், கால் ஆட்டிக்கொண்டே. அவன் தன் மனசைச் சொல்லவில்லை. வீட்டில் தினமும் காதில் விழும் வசனத்துக்கு டிக் போட்டிருக்கிறான். அதுவும் முக்கியமான செய்திதான், ஆனால் உங்கள் ஸ்கேல் அளக்க நினைத்தது அதை இல்லை.

29 வருடத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் வந்து “எனக்கு மனச்சோர்வு” என்று சொன்னதில்லை. அது நாம் பத்திரிகையில் எழுதுகிற சொல். பிள்ளைகள் சொல்வது, “ஒரு மாதிரியா இருக்கு”, “கடுப்பா இருக்கு”, “எதுவும் பிடிக்கல”. சின்னதுகள் என்றால் “வயிறு வலிக்குது”, அதுவும் திங்கட்கிழமை காலையில். இதில் ‘கடுப்பு’ என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 நூலிலும் பிள்ளைகளுக்கும் வளரிளம் வயதினருக்கும் சோகமான மனநிலைக்குப் பதிலாக எரிச்சலான மனநிலை இருந்தாலே மனச்சோர்வுக்கான அந்த நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. எரிந்து விழுகிற பையனைத் திமிர் பிடித்தவன் என்று வீடும் பள்ளியும் ஒதுக்கிவிடும். உங்கள் தாளில் சோகத்தைப் பற்றி மட்டும் கேள்வி இருந்தால் நீங்களும் அவனைத் தவறவிடுவீர்கள்.

சரி, என்ன செய்வது? இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் தமிழாக்கம் செய்யட்டும், உட்கார்ந்து ஒன்றாக்குங்கள். ஆங்கில மூலத்தைப் பார்க்காத மூன்றாவது ஆள் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். மூலத்தோடு ஒப்பிடுங்கள். இதுவரை எல்லோரும் செய்வார்கள். அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை: அதே வயதில் பத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒவ்வொரு வரிக்கும் “இது என்ன கேக்குது? உன் வார்த்தையில சொல்லு” என்று கேட்பது. நரம்புத் தளர்ச்சி அங்கேயே மாட்டியிருக்கும். இன்னொரு விஷயம், ஏற்கெனவே தமிழில் இருப்பதைத் திரும்ப மொழிபெயர்க்காதீர்கள். பிள்ளைகளின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களைக் கேட்கும் எஸ்.டி.க்யூ. என்ற கேள்வித்தாளை ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டார். அது 25 வரிதான், அதற்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. 11 வயதுக்கு மேல் பிள்ளைகளே நிரப்பலாம். ஆனால் அதில் உங்கள் விருப்பத்துக்கு ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. உரிமை வைத்திருப்பவர்களின் நிபந்தனையைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆய்வு மாணவி, மதுரை: இரண்டு பள்ளிகளில் நான்காம் வகுப்பு ஆசிரியர்களிடம் ரேட்டிங் ஸ்கேல் கொடுத்து ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும்) உள்ள பிள்ளைகளைத் தேடினேன். 31 பேர் வந்திருக்கிறார்கள். நேரே பயிற்சித் திட்டத்துக்குப் போய்விடலாமா?

முதலில் அந்த 31 பேரின் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எட்டு வயதுப் பையன். “கூப்பிட்டா திரும்ப மாட்டான், பாடத்துல கவனமே இல்ல, பக்கத்துப் பையனையே பாத்துட்டு இருப்பான்” என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று முறை பார்த்தேன். என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ‘கவனக்குறைபாடு’ என்று எழுதி, நட்சத்திர ஒட்டுத்தாள் அட்டவணையெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாலாவது முறை வந்தபோது கரண்ட் போனது. என் தலைக்கு மேலே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த பழைய ஃபேன் நின்றது. அடுத்த கேள்விக்கு அவன் “ஆங்?” என்று கேட்காமல் உடனே பதில் சொன்னான். அதற்கடுத்ததற்கும். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. பக்கத்துப் பையனை ஏன் பார்த்தான்? டீச்சர் சொன்னது பாதிதான் கேட்டது, மீதியை அவன் நோட்டைப் பார்த்து எழுதினான். அந்த அட்டவணையை நான் ரொம்ப நாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

நம் துறை ஆரம்பித்த கதையும் இதுதான். 1896 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் மார்கரெட் மக்வயர் என்ற ஆசிரியை, எழுத்துக்கூட்டி எழுதவே வராத 14 வயது மாணவன் ஒருவனைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மரிடம் கூட்டிப்போனார். விட்மர் சோதித்துப் பார்த்ததில் பையனின் பார்வையில் கோளாறு. கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள், பிறகு பயிற்சியும் தொடர்ந்தது. உலகின் முதல் உளவியல் கிளினிக் என்று சொல்லப்படும் இடத்தின் முதல் கேஸ் அது. ‘கிளினிக்கல் சைக்காலஜி’ (சிகிச்சை சார்ந்த உளவியல்) என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். பெயர் வைத்தவரே முதலில் கண்ணைத்தான் பார்த்திருக்கிறார்.

கண், காது சரி என்றான பிறகு வீட்டில் கேளுங்கள். பள்ளியில் மட்டும் துறுதுறுவென்று இருந்தால் ஏ.டி.எச்.டி. ஆகாது, இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். 31 எவ்வளவாகக் குறைகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

பிஎச்.டி. மாணவர், தஞ்சாவூர்: தலைமையாசிரியர் ஒரே கையெழுத்தில் பள்ளியின் 240 மாணவர்களுக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆய்வு நெறிகளைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி ஏற்குமா?

ஏற்கக் கூடாது. தலைமையாசிரியர் கொடுத்தது பள்ளி வாசலுக்குள் வர அனுமதி. பிள்ளைகளுக்காகச் சம்மதம் சொல்ல அவர் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளைப் படியுங்கள். பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். அதோடு, ஏழு வயதிலிருந்து பிள்ளையின் சம்மதமும் வேண்டும். 12 வரைக்கும் வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எளிய எழுத்து வடிவில்.

பிள்ளையின் சம்மதத்தைச் சடங்காக்கிவிடுவதுதான் நம் ஊர் வியாதி. “எல்லாரும் கலந்துக்கிறீங்கல்ல?” என்று டீச்சர் கேட்டால் “யெஸ் மிஸ்ஸ்ஸ்” என்று கோரஸாகத்தான் வரும். அதற்குப் பெயர் சம்மதமா? டீச்சரை வெளியே அனுப்பிவிட்டு, “வேணாம்னா இந்தத் தாளை மடிச்சு வெறுமனே கொடுத்துடலாம், உன் மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, மிஸ்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வகுப்பில் ஒன்றிரண்டு வெற்றுத்தாளாவது வந்தால், நீங்கள் சொன்னது பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கிறது.

ஆய்வு மாணவி (ஊர் வேண்டாம்): ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நேர்காணலின் நடுவே, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதைச் சொல்லிவிட்டாள். “அது உன் தலைப்பு இல்லை, டேட்டாவை மட்டும் பார்” என்கிறார் கைடு. ரகசியம் காப்பேன் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கிறேன். என்ன செய்வது?

இந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல இதழ் வரும்வரை காத்திருக்கவில்லை, கடிதம் வந்த அன்றே போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காகப் பொதுவாகச் சொல்கிறேன்.

இதில் கைடின் கருத்துக்கு இடமே இல்லை. 2012-இன் போக்சோ சட்டம், பிரிவு 19: பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள ஒருவருக்கு இப்படி நடந்தது தெரிந்த யாரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். ‘யாரும்’ என்பதில் ஆய்வு மாணவியும் உண்டு, கைடும் உண்டு. தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலையம் என்றதும் அந்தப் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்து விசாரிப்பார்கள் என்று பயந்துவிடாதீர்கள். பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல் வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டாலும் வழிகாட்டுவார்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், அந்த அறையிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பேனாவைக் கீழே வையுங்கள். “அப்புறம் என்ன நடந்தது? எத்தனை தடவை? எப்போ?” என்று துருவாதீர்கள், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். “நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். தப்பு உன் மேல இல்ல” என்று சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவளுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். அன்று இரவு அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள், அங்கே யார் இருப்பார்கள் என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.

அப்புறம், ஒப்புதல் படிவம். ‘முழு ரகசியம் காக்கப்படும்’ என்று எழுதவே கூடாது, உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. “உனக்கு யாராவது கெடுதல் செய்யறாங்கன்னோ, நீயே உனக்கு ஏதாவது செஞ்சுக்கப் போறேன்னோ தெரிஞ்சா, உன்னைப் பாத்துக்கறதுக்காக நான் பெரியவங்ககிட்ட சொல்லுவேன்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைச் சொன்னால் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்பார்கள். சிலர் பேசாமல் போகலாம். எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டே.

எம்.ஏ. மாணவி, சேலம்: இந்தியக் குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை? ஓர் இடத்தில் 12.5 என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 7.3. என் அறிமுக அத்தியாயத்தில் எதைப் போடுவது?

இரண்டையும் போடுங்கள், யாரை எண்ணினார்கள் என்பதோடு சேர்த்து. 12.5 என்பது பெங்களூருவில் 2,064 குழந்தைகளைப் பார்த்து 2005-இல் வெளியான ஆய்வு. பிறந்த குழந்தை முதல் 16 வயது வரை. 7.3 என்பது 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்காரர்களுக்குக் கிடைத்தது. பெங்களூரு ஆய்வில் அதிகம் வந்தவை என்ன தெரியுமா? படுக்கையை நனைப்பது, குறிப்பிட்ட ஒன்றின் மேல் பயம், துறுதுறுப்பு, திக்குவாய், எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்பது. படுக்கையை நனைப்பது 16 வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்? வயது மாறினால் எண் மாறத்தான் செய்யும். அதே ஆய்வில், 4 முதல் 16 வயதுக்காரர்களில், பிரச்சினையால் அன்றாட வாழ்க்கை குறிப்பிடும்படி பாதிக்கப்பட்டவர்கள் என்று பார்த்தால் 5.3 சதவீதம்தான். அந்த எண்ணை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை, 12.5-தான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆய்வு மாணவர், வேலூர்: அறிவுத்திறனை (ஐ.க்யூ.) அளக்கும் மிஸிக் டெஸ்ட் பயன்படுத்தினேன். “பழைய டெஸ்ட்” என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேலி செய்தார்கள்.

கேலி செய்தது தப்பு, சொன்னது சரி. நாக்பூரில் இருந்த மாலின் இந்தியக் குழந்தைகளுக்காக அதை அமைத்துக் கொடுத்தது 1969-இல். அன்றைய பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் இன்றைய பிள்ளைக்கு மதிப்பெண் வருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை இந்த டெஸ்டுகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்று ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் காட்டியிருக்கிறார். ஆகவே பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளை உண்மையைவிடக் கெட்டிக்காரனாகத் தெரிவான். அறிவுத்திறன் குறைபாட்டுக்கான உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்க வேண்டிய ஒரு பிள்ளை, இரண்டு மூன்று எண் கூடிவிட்டதால் கோட்டுக்கு மேலே போய்விடும். அதை நான் கவுண்டரில் நின்று பார்த்திருக்கிறேன், கூட வந்த அம்மாவின் முகத்தையும். மிஸிக்கைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால், குறைபாடுகள் பகுதியில் இதை மறைக்காமல் எழுதுங்கள்.

எம்.ஏ. இறுதியாண்டு மாணவர், ஈரோடு: குழந்தைகளுக்கான கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும். நேரே பிஎச்.டி. சேர்ந்தால் போதுமா?

பிஎச்.டி. ஆராய்ச்சிக்கான பட்டம், சிகிச்சை தர உரிமம் ஆகாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவு செய்தால்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டலாம். நீண்ட காலம் அந்த வழி இரண்டு வருட எம்.ஃபில். ஆக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் (மனநலச் சமூகப்பணி) மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. எனவே சேர்கிற படிப்பின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் ஆர்.சி.ஐ. பட்டியலில் நீங்களே தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ‘அங்கீகாரம் வந்துகொண்டே இருக்கிறது’ என்று சொல்லும் இடத்தில், வந்த பிறகு சேரலாம்.

இல்லத்தரசி, திருச்சி: கல்லூரி மாணவி ஒருவர் என் ஏழு வயது மகளை ஆராய்ச்சிக்காக டெஸ்ட் செய்ய அனுமதி கேட்கிறார். சரி என்று சொல்லலாமா? ஐ.க்யூ. எவ்வளவு என்று சொல்வார்களா?

இத்தனை மாணவர்களுக்கு நடுவே ஓர் அம்மாவின் கடிதம் வந்தது எனக்குச் சந்தோஷம். தாராளமாகச் சொல்லலாம், சில கேள்விகளைக் கேட்டுவிட்டு. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இருக்கிறதா, எவ்வளவு நேரம் ஆகும், மகள் நடுவில் போதும் என்றால் நிறுத்துவீர்களா, கவலைப்படும்படி ஏதாவது தெரிந்தால் என்னிடம் சொல்வீர்களா, யாரிடம் அனுப்புவீர்கள்? பதில் தடுமாறினால் நீங்களும் தயங்குங்கள். ஐ.க்யூ. எண்ணை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஆராய்ச்சிக்காகப் படிக்கிற மாணவி ஒரு நாள் எடுத்த எண் அது. அடுத்த தீபாவளிக்கு நாத்தனார் வீட்டில் அது பேச்சாகிவிடும்.

பிஎச்.டி. மாணவி, சென்னை: வாரத்துக்கு எட்டு நேர்காணல். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இந்தத் துறைக்கு நான் லாயக்கில்லையோ?

அந்த எட்டாம் வகுப்புப் பையன் டிக் போட்ட அதே சொல்லை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. எட்டுக் குழந்தைகள்! முதலில் அதை நாலாகக் குறையுங்கள். தீசிஸ் மூன்று மாதம் தள்ளிப் போகும், போகட்டும். நான் சேர்ந்த புதிதில் என் சீனியர் அம்மா ஒருவர், சாயந்திரம் ஓ.பி. முடிந்ததும் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, “இன்னிக்கு எந்தக் குழந்தை உன்னைச் சிரிக்க வைச்சது?” என்று கேட்பார். ஒன்றாவது சொல்லாமல் எழுந்திருக்க விட மாட்டார். அதற்கப்புறம்தான் மற்ற கதைகளைக் கேட்பார். பேர் கேட்க மாட்டார், பாதியில் புத்தி சொல்ல மாட்டார். உங்கள் கைடு இதைச் செய்யக்கூடியவராக இல்லை என்றால் அனுபவமுள்ள வேறொருவரைத் தேடுங்கள், வாரத்தில் ஒரு மணி நேரம். அழுகை நேர்காணல் இல்லாத நாளிலும் வந்தால், தூக்கம் கெட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். சைக்காலஜி படிக்கிறவர்கள் கூப்பிடக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

எம்.ஏ. மாணவர், நாகர்கோவில்: கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். கலந்துகொள்கிற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுக்கலாமா?

முன்கூட்டியே காட்டி ஆசை மூட்டக் கூடாது, அது லஞ்சம். முடிந்த பிறகு ஒரு பென்சில் கொடுங்கள். ‘மாட்டேன்’ என்று சொன்ன குழந்தைக்கும் அதே பென்சில். ஒரே நிறத்தில் வாங்குங்கள். நான் ஒருமுறை கலர் கலராக வாங்கிக்கொண்டு போய், இரண்டாம் வகுப்பில் சிவப்புக்காக நடந்த சண்டையை விலக்கிவிடவே ஒரு பீரியட் போய்விட்டது.